சனிக்கிழமைப் பெரட்டும் மலாக்கா ஆமையும்

வார இறுதியில் காலை நேரத்தில் கிளேபாங், பந்தாய் புத்ரி பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருக்கலாம். ஒரே நிறச் சட்டையில் ஐம்பது அறுபது பேர். முதுகில் நிறுவனத்தின் சின்னம். கையில் உறை, கறுப்புக் குப்பைப் பை. ஒரு மணி நேரம் கரையில் குனிந்து குனிந்து பொறுக்குவார்கள். பிறகு பதாகையைப் பிடித்தபடி ஒரு குழுப்படம், ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம், பேருந்து. மாலைக்குள் நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் படம் ஏறிவிடும்.

நான் மனிதவள நிர்வாகம் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவன். எங்கள் பாடத்தில் ‘ஊழியர் ஈடுபாடு’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட பொதுப்பணிகள் ஊழியர்களை ஒன்றுசேர்க்கும், நிறுவனத்தின் மேல் பற்றை வளர்க்கும், வேலையை விட்டு ஓடுவதைக் குறைக்கும் என்று அதில் படிக்கிறோம். தேர்வில் அப்படியே எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஊழியர்களைக் கடல் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டால் வேலையிடப் பண்பாடு வலுப்படும் என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் கரையில் பார்த்ததைத் திங்கட்கிழமை வேலையிடத்தில் வாய்விட்டுச் சொல்ல முடிகிற இடத்தில் மட்டும்தான் அது நடக்கும். சொல்ல முடியாத இடத்தில் அது சட்டை, பேருந்து, பொட்டலம் என்று முடிந்துவிடுகிற ஓர் உல்லாசப் பயணம்.

முதலில் நம் கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்த நண்பர்கள் பலருக்கு இது தெரியவில்லை.

தெங்கேராவில் பழைய வீடுகளின் கொல்லைப்புறம் வரை ஒரு காலத்தில் கடல் இருந்தது. இப்போது கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மேம்படுத்தப்பட்ட நிலத்தைத் தாண்டிப் போக வேண்டும். மலாக்கா ராயா வட்டாரமும் அங்குள்ள பேரங்காடிகளும் கடலை மண்ணிட்டு மூடிய நிலத்தில் எழுந்தவைதான். அப்படி ஒதுங்கிப்போன கடலில் இன்னும் ஒரு விருந்தாளி வருகிறது. தமிழில் அழுங்காமை, மலாயில் பென்யு காரா அல்லது பென்யு சீசேக். அலகு பருந்தின் மூக்கைப்போல வளைந்திருக்கும். ஓட்டின் அழகுக்காகவே சீப்பும் கைவளையும் செய்ய வேட்டையாடப்பட்ட இனம். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களுக்குரிய பிரிவில் இது இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமை மிக அதிகமாக முட்டையிட வருவது நம் மலாக்கா மாநிலத்துக்குத்தான். ஆண்டுக்குச் சில நூறு கூடுகள். மஸ்ஜித் தானா அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு மையம் இருப்பது இதனால்தான்.

ஒரு கூட்டில் நூறுக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கலாம். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். மணலின் சூடு அதிகமாக இருந்தால் பெண் குஞ்சுகள், குறைந்தால் ஆண் குஞ்சுகள். அந்தக் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நான் பிறந்த ஆண்டில் மலாக்கா மணலிலிருந்து கடலுக்குள் இறங்கிய ஒரு குஞ்சு பிழைத்திருந்தால், இன்னும் சில ஆண்டுகளில்தான் அது தாயாகி இதே கரைப் பக்கம் திரும்பும். திரும்பும்போது கரை இருக்குமா என்பதுதான் கவலை. நகரத்துக்கு எதிரே இருக்கும் புலாவ் உப்பே தீவு ஒரு காலத்தில் அழுங்காமைகளின் முக்கியமான இடம். மணல் அரித்துப் போக, கூடுகளும் குறைந்துபோயின. கடலை மேடாக்கும் பணிகளால் நீரோட்டம் மாறியதே காரணம் என்று பாதுகாவலர்கள் சொல்லி வருகிறார்கள்.

இந்த ஆமைக்கு மனிதரிடமிருந்து என்ன உதவி தேவை? முட்டையிடும் மாதங்களில் இரவு முழுவதும் கரையில் நடந்து கூடுகளைக் கண்டுபிடிக்க ஆள் தேவை. நாயும் உடும்பும் மனிதனும் எடுப்பதற்கு முன் முட்டைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வேண்டும். எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று பல ஆண்டுகள் விடாமல் எழுதி வைக்க வேண்டும். கரையோர விளக்குகளை அணைக்க வேண்டும். பொரித்து வெளியே வரும் குஞ்சு, இருட்டில் வெளிச்சமான அடிவானம் எங்கே இருக்கிறதோ அதுதான் கடல் என்று நினைத்து ஓடும். தங்கும் விடுதியின் விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சு சாலைக்குப் போய்விடும். விளக்கு எரியும் கரைக்குத் தாய் ஆமையும் ஏறத் தயங்கும்.

குப்பை பொறுக்குவது இந்தப் பட்டியலில் இல்லாமல் இல்லை. மணலில் கிடக்கும் வலைத்துண்டும் நெகிழியும் குஞ்சுக்கும் தாய்க்கும் தடைதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் காலையில், அதுவும் பெரும்பாலும் ஆமை வராத கரையில் பொறுக்குவது என்பது பட்டியலின் கடைசி வரி. கடலோர விடுதி ஒன்றின் பராமரிப்பு ஊழியர் மே முதல் ஆகஸ்டு வரை கடல் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்து வைத்தால், அதே விடுதியின் நூறு ஊழியர்கள் ஒரு நாள் குனிந்து பொறுக்குவதைவிட ஆமைக்கு நல்லது. இதற்குச் சட்டை அச்சடிக்க வேண்டியதில்லை. எந்த விளக்கு எங்கே எரிகிறது என்று தெரிந்த ஊழியரிடம் கேட்டால் போதும். யாரும் கேட்பதில்லை.

எஸ்.டி.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைக்கும்வரை நான் ஒரு தொழிற்சாலையில் சில மாதங்கள் வேலை செய்தேன். பேக்கிங் பிரிவு. ஒரு சனிக்கிழமை எங்களைக் கடற்கரைத் துப்புரவுப் பணிக்கு அழைத்துப் போனார்கள். விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்றுதான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஆனால் பேருந்தில் ஏறும்போது பெயர்ப்பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வராதவர்களின் பெயரை சூப்பர்வைசர் தனியே குறித்துக்கொண்டார். ஆலையைத் தினமும் கூட்டிப் பெருக்கும் குத்தகைத் தொழிலாளர்களும் நேப்பாளக் காவலர்களும் பட்டியலிலேயே இல்லை. அவர்கள் ‘நம் ஊழியர்கள்’ அல்லவாம்.

கரையில் என் பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தவர் பேக்கிங் பிரிவில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கும் ஓர் அக்கா. மணலில் பாதி புதைந்திருந்த மஞ்சள் நிற நெகிழிப் பட்டை ஒன்றை இழுத்தார். பெட்டிகளை இறுக்கிக் கட்டும் பட்டை. கையில் சுற்றிப் பார்த்துவிட்டு, “தம்பி, நம்ம லைன்ல தெனம் வெட்டிப் போடுறோமே, அதே மாதிரி இருக்கே இது” என்றார். அது எங்கள் ஆலையிலிருந்து வந்ததா என்பது யாருக்கும் தெரியாது. அந்தப் பட்டையைப் பயன்படுத்தாத ஆலையே இல்லை. ஆனால் அக்காவுக்கு ஒரு கேள்வி வந்துவிட்டது. வெட்டிப் போடுகிற பட்டையை யார் எடுத்துப் போகிறார், எங்கே போடுகிறார்? வட்டமாகக் கட்டியபடி எறியப்படும் பட்டை கடல் விலங்கின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் என்று நான் படித்ததைச் சொன்னேன். “அப்ப வெட்டித்தானே போடணும்? சில பேரு உருவிட்டு அப்படியே வீசிடறாங்க” என்றார்.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் இதைக் கேட்டார். “அதெல்லாம் குத்தகைக்காரன் பாத்துக்குவான், நம்ம டார்கெட்ட பாருங்க” என்று பதில் வந்தது. நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவர் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாத நிறுவனச் செய்தி மடலில் அவரது படம் பெரிதாக வந்திருந்தது, கையில் அந்தப் பட்டையோடு.

அந்த ஆலையின் வேலையிடப் பண்பாடு எது என்று என்னைக் கேட்டால், அந்தச் சனிக்கிழமையைச் சொல்ல மாட்டேன். அந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன்.

என் பாட்டி மலாக்காத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். விடியும் முன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பதையும் கிராணி பெயர் கூப்பிடுவதையும் இன்றும் சொல்வார். தோட்டத்திலேயே இன்னொரு வகைக் கூட்டமும் இருந்தது. கோவில் திருவிழாவுக்கு முன் நடக்கும் கோத்தோங் ரோயோங். புல் வெட்டுவது, பந்தல் போடுவது, சமையலுக்கு விறகு சேர்ப்பது. அங்கே யாரும் பெயர் கூப்பிட்டதில்லை. வராதவர் வீட்டுக்குச் சாப்பாடுகூடப் போகும். இரண்டிலும் அதே மனிதர்கள்தான், வியர்வையும் அதேதான். ஆனால் ஒன்றை நினைத்தால் பாட்டியின் முகம் சுருங்குகிறது, மற்றதை நினைத்தால் மலர்கிறது. பெயர்ப்பட்டியலோடு பேருந்து வாசலில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தபோது எனக்குக் கோத்தோங் ரோயோங் நினைவுக்கு வரவில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். மலேசிய வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாளை ஓய்வு நாளாகத் தருகிறது. சில விதிவிலக்குகள் தவிர, அந்த நாளில் வேலை செய்ய யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேர உச்சவரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. ஓய்வு எவ்வளவு அருமையானது என்று நாடே பேசிக் குறைத்த அந்த மூன்று மணி நேரத்தைக் கடலின் பெயரைச் சொல்லி மறுபடியும் வாங்கிக்கொள்வது சரியா? ‘விருப்பப்பட்டால் வரலாம்’ என்பது உண்மையாக இருந்தால் நல்லது. வராதவர் பெயர் ஆண்டு மதிப்பீட்டில் எட்டிப் பார்க்குமானால், என் கணக்கில் அதுவும் வேலைதான். வேலை நேரத்தில் சம்பளத்தோடு நடக்க வேண்டும்.

இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. 2002-ஆம் ஆண்டு எச்.எஸ்.பி.சி. வங்கி, எர்த்வாட்ச் உள்ளிட்ட சில சுற்றுச்சூழல் அமைப்புகளோடு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வங்கியின் பல நாட்டுக் கிளைகளிலிருந்து சுமார் 2,000 ஊழியர்களை அறிவியலாளர்களின் களப்பணிகளுக்கு அனுப்புவது அதில் ஒரு பகுதி. எல்லாமே கடல் பணிகள் அல்ல. ஆனால் போனவர்கள் ஒரு மணி நேரத்தில் திரும்பவில்லை. அறிவியலாளர் சொல்கிறபடி அளந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். படகோனியா என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் தன் ஊழியர்கள் இரண்டு மாதம் வரை சம்பளத்தோடு சுற்றுச்சூழல் அமைப்புகளில் பணியாற்ற வழி செய்திருக்கிறது. பணம் உள்ள நிறுவனங்கள், செய்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம்.

பணமே இல்லாத உதாரணம் சென்னையில் இருக்கிறது. நம் வயதுக்காரர்கள் தொடங்கியது என்பதால் இதை இங்கே சொல்ல எனக்குத் தனி மகிழ்ச்சி. 1988-இல் உருவான மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஆமைப் பருவத்தில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் கரையில் இரவு இரவாக நடக்கிறது. அங்கே வருவது பங்குனி ஆமை. கூட்டைக் கண்டுபிடித்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டு போகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். மாணவர்களாக வந்தவர்கள் வேலைக்குப் போன பின்பும் வருகிறார்கள். விடிய விடிய நடந்துவிட்டுக் காலையில் அலுவலகம் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பட்டியல் கிடையாது, ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த நடை நிற்கவில்லை. மணலில் ஆமையின் தடத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் அந்த இரவுக்குத் தலைவர்; பகலில் அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்பதற்கு அங்கே வேலையில்லை. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைப் பாடாங் கெமுந்திங்குக்கு அனுப்பினால் நான் பார்க்க விரும்புவது இதைத்தான். ரேஞ்சர் சொல்கிறார், பொது மேலாளர் டார்ச் விளக்கை அணைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் இயந்திர இயக்குநர் குறிப்பேட்டில் எழுதுகிறார். அலுவலகத்தின் ஏணி ஓர் இரவாவது படுத்துக் கிடக்கும்.

குப்பை பொறுக்குவதாக இருந்தாலும் எண்ணிப் பொறுக்கலாம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் தொடங்கிய அனைத்துலகக் கடற்கரைத் துப்புரவு இயக்கத்தில் இதுதான் சிறப்பு. எடுத்த ஒவ்வொன்றையும் அட்டையில் குறிக்கிறார்கள். சிகரெட் துண்டு எத்தனை, உணவு உறை எத்தனை, வலை எத்தனை. எடை பார்த்து “500 கிலோ அள்ளினோம்” என்று அறிவிப்பது படத்துக்கு உதவும். என்ன அள்ளினோம் என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க முடியும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் உற்பத்தித் தளத்தில் நிற்பவர்கள். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் நெகிழிக் குருணைகள் கடலில் கொட்டின. நெகிழிப் பொருள்கள் செய்ய உருக்கப்படும் அரிசி போன்ற மணிகள் அவை. கரை வெள்ளையாகிப்போன படங்களை நாம் பார்த்தோம். அது பெரும் விபத்து. ஆனால் அதே குருணை, உலகின் ஏராளமான நெகிழி ஆலைகளில் நாள்தோறும் ஒரு கை, இரண்டு கையாகச் சிந்திச் சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. ஃபோர்க்லிஃப்டின் முள் மூட்டையைக் குத்துகிற இடம் எது, மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர் எந்த வடிகாலில் இறங்குகிறது என்பதை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அந்த வடிகாலில் ஒரு வலைத் தட்டைப் பொருத்த ஆகும் செலவு, அறுபது பேருக்குச் சட்டை அச்சடிக்கும் செலவைவிட அதிகமாக இருக்காது என்று நினைக்கிறேன். தான் சொன்ன யோசனை வடிகாலில் கம்பி வலையாக நிற்பதைத் தினமும் பார்க்கும் ஓட்டுநருக்கு அந்த ஆலையின் மேல் வருகிற உரிமை உணர்வை எந்த உல்லாசப் பயணமும் தராது.

என் வகுப்புத் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, “ஒண்ணுமே செய்யாத நிறுவனங்களுக்கு ஒரு நாள் செய்கிறவர்கள் தேவலையே, ஏன் அவர்களைப் பிடித்துக் குறை சொல்கிறாய்?” என்றாள். நியாயமான கேள்வி. அன்று கரையில், பொறியியலாளர் ஒருவரும் இயந்திரப் பிரிவு அண்ணன் ஒருவரும் முதல் முறையாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதை நானே பார்த்தேன். பிறகு வழியில் பார்த்தால் பேர் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். அது சின்ன விஷயமில்லை. சிறு நிறுவனங்களால் இரண்டு மாதச் சம்பளத்தோடு ஆள் அனுப்ப முடியாது என்பதும் உண்மை. அவர்களிடம் நான் கேட்பது அரை நாள் வேலை நேரம், ஒரு குறிப்பேடு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் பத்து நிமிடம். பெரிய நிறுவனங்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கலாம். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள் நிலைத்தன்மை பற்றி ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்று புர்சா மலேசியா விதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கங்களில் கடற்கரைப் படம் தவறாமல் இருக்கும். பணியாளர் கேட்ட கேள்விகள் எத்தனை, அவற்றில் எத்தனைக்குப் பதில் கிடைத்தது என்று ஒரு பத்தி வந்தால் நான் அந்த அறிக்கையை முழுதாகப் படிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ஊஜோங் பாசீரில் உள்ள போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்கள், கடலை மேடாக்கியதால் தங்கள் கெராகாவ் இறால் பிழைப்புப் போய்விட்டதாக ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க எந்த நிறுவனமும் பேருந்து பிடித்துப் போனதாகத் தெரியவில்லை. கடலைப் பற்றிப் பாடம் கேட்க மலாக்காவில் அவர்களைவிட நல்ல ஆசிரியர்கள் யார்?

மாணவர்களாகிய நமக்கு இதில் இப்போதே வேலை இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் இருப்பவர்கள் புறப்பாட நடவடிக்கையில் கடற்கரைக்குப் போனால், எடையோடு நிற்காமல் வகை பிரித்து எண்ணுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதம், அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் நிறைய தெரியும். ஆமை பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள், படம் கிடைக்காவிட்டால் போகட்டும்.

என்னைப்போல் அடுத்த ஆண்டு தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நேர்முகத் தேர்வின் முடிவில் ஒரு வாய்ப்பு வரும். “நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்பார்கள். பெரும்பாலும் நாம் “இல்லை” என்று சிரித்துவிட்டு எழுந்துவிடுவோம். நான் மூன்று கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கடற்கரைப் பணி வேலை நேரத்தில் நடக்கிறதா, ஓய்வு நாளிலா? கூட்டிப் பெருக்கும் அக்காவும் காவலரும் அதில் சேர்த்தியா? போன முறை போனவர்கள் திரும்பி வந்து என்ன கேட்டார்கள், அதற்கு என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் யோசித்துப் பதில் சொன்னால், பயிற்சிப்படி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கேயே சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறேன்.